பொருள்: போர்ட் = தளப்பெயர்ப்பு

அனைவருக்கும் வணக்கம். நம் வீடியோ விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் ‘போர்ட்’ என்பதற்கு, அதாவது ஒரு கணினிக்கோ கருவிக்கோ எழுதிய விளையாட்டை வேறொன்றில் ஓட வைப்பதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> போர்ட், ரீமாஸ்டர், ரீமேக் மூன்றுக்கும் மறுவெளியீடு என்றே வைத்துக்கொள்வோம். படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதும்.

அண்ணாச்சி, இதில் எனக்கு உடன்பாடில்லை. மறுவெளியீடு என்பது உரிமையாளர் செய்கிற காரியம். பழைய விளையாட்டு மறுபடி விற்பனைக்கு வந்ததைச் சொல்லுமே தவிர, உள்ளே என்ன வேலை நடந்தது என்று சொல்லாது. டூம் என்ற சுடும் விளையாட்டு 1993இல் டாஸ் இயங்குதளத்துக்கு வந்தது. 1997 டிசம்பரில் அதை உருவாக்கியவர்கள் மூலநிரலை வெளியிட்டபோது, டாஸ் பதிப்பின் ஒலி நிரலகம் வேறொருவருடையது என்பதால் லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். 1999இல் அது, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. அப்புறம் யார் யாரோ எந்தெந்தக் கருவியிலோ அதை ஓட வைத்தார்கள். அவர்கள் யாரும் டூமை மறுவெளியீடு செய்யவில்லை. படங்களும் லெவல்களும் இன்றும் உரிமையாளர் கையில்தான். அவர்கள் செய்ததற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

பூதப்பாண்டி நண்பர் சொன்ன ‘மறுநடவு’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு நாற்று பிடுங்கினால் நாற்றங்கால் காலியாகிவிடும். போர்ட்டில் அப்படி இல்லை, பழைய தளத்தில் விளையாட்டு அப்படியே கிடக்கும். மொழிபெயர்ப்பிலும் மூலம் போய்விடுவதில்லை. அதனால் ‘தளப்பெயர்ப்பு’ என்கிறேன். வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: ஆண்ட்ராய்டுக்குப் பெயர்த்தார்கள், பெயர்த்தவர், பெயர்க்க முடியாத நிரல். ‘தளமாற்றம்’ என்றால் பெயர்த்தவரை என்னவென்று அழைப்பது?

பழையதையே துலக்கித் தருகிற ரீமாஸ்டருக்கு ‘மெருகேற்றம்’, புதிதாகவே செய்து தருகிற ரீமேக்குக்கு ‘மீளாக்கம்’ சரி. ஷேடோ ஆஃப் தி கொலாசஸ் 2005இல் வந்தது, 2011இல் மெருகேறியது, 2018இல் மீளாக்கம் ஆனது. ஒரே விளையாட்டுக்கு இரண்டும் நடந்திருப்பதால் இரண்டு சொல்லும் தேவை.

லோக்கலைசேஷன், அதாவது உள்ளூராக்கம் பற்றி ஒன்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் படை தமிழ் பேசுகிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் விளையாட்டை எந்த மொழியில் வைத்து ஆடினாலும் அந்தப் படை தமிழ்தான் பேசும். அதை உள்ளூராக்கம் என்று எழுத வேண்டாம். மெனுவும் குறிப்புகளும் நம் மொழிக்கு வருவதுதான் உள்ளூராக்கம். அதிலும் சொல் தேர்வு இருக்கிறது: விளவங்கோட்டில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், மதுரைக்காரருக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் கரைபுரண்டு வருவது. மெனுவில் பொதுத்தமிழ் இருக்கட்டும். கதாபாத்திரம் நம் ஊர்க்காரர் என்றால் அவர் வெள்ளம் கேட்கட்டும்.

தளப்பெயர்ப்பும் உள்ளூராக்கமும் ஒட்டிக்கொள்கிற இடம் எழுத்துரு. பழைய நிரல்கள் ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று வரிசையாக வரைந்துகொண்டே போகும். ‘கெ’ சேமிக்கப்படும்போது க முன்னால், கொம்பு பின்னால். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த நிரலில் கொம்பு ககரத்துக்குப் பின்னால்போய் நிற்கும். சரங்களை, அதாவது திரையில் வருகிற சொற்களை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் இது தீராது, வரைகிற பகுதியையே மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தலையில் இந்த வேலை விழக் கூடாது என்றால், அது பெயர்ப்பவர் பொறுப்பு என்று சொல் விளக்கத்திலேயே எழுதிவிடுவோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் வினைவடிவத்தோடு ஒரு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் தளப்பெயர்ப்பைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து