ஏற்காட்டில் நிற்கும் ஸ்விஃப்ட்: வாட்டர் பம்ப் ஒழுகுது, ஓட்டியே இறக்கலாமா?

அஸ்தம்பட்டி_ஸ்விஃப்ட்:
2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 92,000 கி.மீ. அடிவாரத்துல இருந்து ஏறும்போது பதினைஞ்சாவது பெண்டு தாண்டினதும் சூடு ஏறிடுச்சு. இப்ப ஏற்காட்டுல நிக்குது. பெல்ட் பக்கம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) பச்சையா காய்ஞ்ச கறை, சொட்டுச் சொட்டா ஒழுகல். தண்ணி ஊத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல இறக்கிடச் சொல்றாங்க. இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியா அப்படி இறக்கலாமா? ஹெட் கேஸ்கட்டும் (இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்குமா?

ஸ்பேனர்12:
அந்த நியூட்ரல் யோசனையை முதல்ல விடுங்க. இன்ஜின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு (பெடல் மிதியை லேசாக்குற பாகம்) வேக்யூம் கிடையாது. ரெண்டு மூணு மிதியில பெடல் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். குப்பனூர் வழியானாலும் அதேதான்.

ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறங்க. சூட்டுல திறந்தா முகம் வெந்துடும். பம்ப் ஷாஃப்டுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது வழியா ஒழுகினா உள்ள சீல் போச்சுன்னு அர்த்தம். அதை எம்-சீல் வச்சு அடைக்காதீங்க, தண்ணி பேரிங்குக்குள்ள போயிடும். அடுத்து புல்லியைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க.

ஆட்டம் இருந்தாலோ உருமல் சத்தம் வந்தாலோ ரெக்கவரி வண்டிதான். பேரிங் இறுகினா பெல்ட் கழண்டு, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் சேர்ந்து நிக்கும். ஆட்டமே இல்லாம வெறும் சொட்டுன்னா: தண்ணி நிரப்பி, கூட 5 லிட்டர் வச்சுக்கிட்டு, ஏசி ஆஃப், ஹீட்டர் ஃபுல், செகண்ட் கியர்ல இறங்கலாம். நாலஞ்சு பெண்டுக்கு ஒருதரம் நிறுத்தி கூலன்ட் டப்பாவுல அளவும் கீழ ஒழுகலும் பாருங்க. மீட்டரை மட்டும் நம்பாதீங்க. தண்ணி வத்திட்டா சென்சார் காத்துல நின்னு சூட்டைக் குறைச்சுக் காட்டும்.

ஹெட் கேஸ்கட்டுக்கு: மூடி திறந்தபடி ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. ரேடியேட்டர்ல விடாம குமிழி வந்தாலோ ஆயில் பால் காபி நிறத்துல இருந்தாலோ சந்தேகப்படணும். அப்ப ஓட்டவே வேண்டாம்.

கூலன்ட்பக்கெட்:
மேல போனதும் கொதிச்சதுக்குக் காரணம் இருக்கு. சேலம் மட்டத்துல தண்ணி 99 டிகிரிக்குக் கொதிக்கும், 1,500 மீட்டர் உயரத்துல 95 போதும். மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தம் பிடிச்சா 120 வரை தாங்கும். ஒழுகல் இருந்தா அந்த அழுத்தமே நிக்காது. போதாததுக்கு ஃபர்ஸ்ட் கியர் ஏத்தத்துல முன்பக்கக் காத்தும் குறைவு.

பம்பை மாத்தும்போது: பெல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியே புல்லி போல்ட்டை லூஸ் பண்ணுங்க, பெல்ட் பிடிச்சுக்கும், புல்லி சுத்தாது. வடிச்ச தண்ணியை ஒரு வாளியில பிடிச்சு அளந்துக்குங்க, திரும்ப ஊத்தறது அதைவிடக் குறையக் கூடாது. பழைய கேஸ்கட்டை பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, அலுமினியத்துல கோடு விழுந்தா மறுபடி ஒழுகும். சிலிக்கான் அப்பாதீங்க, பிதுங்கினது ரேடியேட்டர் குழாயை அடைக்கும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், குறுக்கும் மறுக்குமா இறுக்குங்க. பெல்ட்டுல கூலன்ட் பட்டிருந்தா அதையும் மாத்திடுங்க. மூடி திறந்து, ஹீட்டர் ஃபுல்ல வச்சு ஓடவிட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் உள்ள சிக்கின காத்தை எடுங்க.

ஓமலூர்_டீசல்:
போர் தண்ணி மலையில இறங்க மட்டும். நம்ம ஊர் உப்புத் தண்ணி சீல் முகத்துல படிஞ்சு அரம் மாதிரி தேய்க்கும். புது பம்பும் சீக்கிரம் போயிடும். இறங்கினதும் ஃப்ளஷ் பண்ணி, கலந்து விக்கிற கூலன்ட் ஊத்துங்க, அதுல மறுபடி தண்ணி சேர்க்காதீங்க. லீக் அடைக்கிற பவுடர் பம்ப் சீலுக்கு உதவாது, ஹீட்டர் கோரைத்தான் (ஹீட்டருக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேட்டர்) அடைக்கும்.

உங்க இன்ஜின்ல டைமிங் செயின், பம்ப் வெளி பெல்ட்டுல ஓடுது, தப்பிச்சீங்க. டஸ்டர் டீசல் வச்சிருக்கிறவங்க கவனிங்க: அதுல பம்பை ஓட்டுறதே டைமிங் பெல்ட். பம்ப் இறுகினா அந்த பெல்ட் அறுந்து வால்வு வளையும். பெல்ட் மாத்தும்போதே பம்பையும் மாத்திடுங்க.

அஸ்தம்பட்டி_ஸ்விஃப்ட்:
பார்த்தாச்சு. குமிழி இல்ல, ஆயில் சுத்தம். ஆனா புல்லி லேசா ஆடுது. ரெக்கவரி வண்டிக்குச் சொல்லியாச்சு.