பர்மாவில் பணம் போன வீட்டு ஆச்சிமார்கள்: தகவல் தேவை

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம் ஒன்றின் பெண்களை வைத்து நாவல் எழுதுகிறேன். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும், கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்ய, அங்கே போன பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். 1948இல் அங்கே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்து மிச்ச நம்பிக்கையையும் துடைத்தது. இதெல்லாம் புத்தகங்களில் கிடைக்கிறது. அடுப்படியில் நடந்தது கிடைக்கவில்லை.

முகப்பில் தேக்குத் தூண், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் கஞ்சி. என் கதையின் மருமகள் சீராக வந்த பித்தளை அண்டாவை இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக விற்க அனுப்புகிறாள். அடுத்தது கழுத்திரு, கல்யாணத்தில் கட்டும் பல உருக்கள் கோத்த பொன் தாலி. அங்கேதான் எழுத்து நிற்கிறது.

கழுத்திருவை முழுதாக அடகு வைத்தார்களா, உருக்களைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்றார்களா? பலகாரம் சுட்டும் கொட்டான் (ஓலைக்கூடை) முடைந்தும் பிழைத்தவர்களுக்குக் கூலி பணமாகக் கிடைத்ததா, அரிசியாகவா? வறுமையைச் சொல்ல நம் வீடுகளில் இன்னும் கூச்சம் இருக்கிறது. அந்த ஆச்சிமார்கள் பட்ட பாட்டில் வெட்கப்பட எதுவுமில்லை.

அப்பத்தாவோ ஆயாவோ சொன்னது நினைவிருந்தால் எழுதுங்கள். பழைய வீட்டுக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் பெரிய உதவி. ஊர், பெயர், விலாசம் எதையும் வெளியிட மாட்டேன்.