டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் ரோட்டர் தானாகச் சுற்றியது (450 ஹெலி), உதவி தேவை

ஈசூன்_அப்பா:
வணக்கம். போன மாதம் ஒருவரிடம் 450 ரக (நடுத்தர அளவு) ரிமோட் கண்ட்ரோல் ஹெலிகாப்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 3எஸ் (மூன்று செல்) பேட்டரி, 325 மி.மீ. கார்பன் பிளேடு. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து சர்வோ (பிளேடின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்) எல்லாம் சரியாக அசைகிறதா என்று பார்த்தேன். த்ராட்டில் ஹோல்ட் (மோட்டார் ஓடாமல் நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) போட்டுத்தான் இருந்தது. முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடித்து இயக்கும் ரிமோட்டை) அணைத்தேன். ஓரிரு விநாடியில் ரோட்டர் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேட்டரியைப் பிடுங்கக் கை நீட்டினேன், முன்கையில் பட்டுவிட்டது. ஹெலி மேசையிலிருந்து தாவி சுவரில் மோதி விழுந்தது.

எனக்கு நான்கு தையல். 13 வயது மகன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கெட்டுவிட்டதா? மாற்றினால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை புளோக்குக்குப் பின்னால் இருக்கும் திடலில் பறக்கவிடலாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்வாஷ்_அண்ணன்:
தம்பி, முதலில் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கும்வரை அந்த ஹெலியில் பேட்டரி செருகவே வேண்டாம்.

ஈஎஸ்சி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு, தவறாக இருப்பது போல் தெரிகிறது. த்ராட்டில் ஹோல்ட் என்பது டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கட்டளை. டிரான்ஸ்மிட்டரையே அணைத்தால் அந்தக் கட்டளையும் போய்விடும். அதற்குப் பிறகு மோட்டாருக்கு என்ன சொல்வது என்று ஹெலியில் உள்ள ரிசீவர்தான் முடிவு செய்யும். பைண்ட் செய்தபோது (டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இணைத்தபோது) த்ராட்டில் எங்கே இருந்ததோ அந்த இடத்தைப் பல ரிசீவர்கள் நினைவில் வைத்திருக்கும். ஸ்டிக் பாதியில் இருக்கும்போது பழைய ஆள் பைண்ட் செய்திருந்தால், சிக்னல் அறுந்ததும் மோட்டார் ஓடத்தான் செய்யும். மெதுவாகத் தொடங்கியதற்குக் காரணம் ஈஎஸ்சியின் சாஃப்ட் ஸ்டார்ட், வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் வசதி. அதனால்தான் நான்கு தையலோடு போயிற்று. 450 ரகம் முழு வேகத்தில் சுற்றும்போது, நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிளேடு நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டரில் போகும்.

இதே கோளாறு வானத்தில் வந்திருந்தால் நினைத்துப் பாருங்கள். சிக்னல் அறுந்த பிறகும் மோட்டார் நிற்காமல், கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், அது போய்க்கொண்டே இருந்திருக்கும்.

சரிசெய்ய: முதலில் பிளேடுகளைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் உள்ள மூன்று வயர்களையும் பிரியுங்கள். இனி மேசையில் எந்த வேலை செய்தாலும் முதல் வேலை இதுதான். ஹோல்ட் போட்டு, ஸ்டிக்கை அடியில் வைத்து, புதிதாக பைண்ட் செய்யுங்கள். உங்கள் ரிசீவரில் ஃபெயில்சேஃப்பைத் தனியாகப் பதிய வேண்டுமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். பிறகு ஈஎஸ்சி வயரை ரிசீவரின் பேட்டரித் துளைக்கு மாற்றி, த்ராட்டில் துளையில் சும்மா கிடக்கும் ஒரு சர்வோவைச் செருகுங்கள். ஹோல்டை எடுத்து, ஸ்டிக்கைப் பாதிக்கு ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சர்வோ கை அடிக்கு வர வேண்டும். இருந்த இடத்திலேயே நின்றாலோ மேலே போனாலோ இன்னும் சரியாகவில்லை.

இன்னொன்று: டிரான்ஸ்மிட்டர்தான் முதலில் போட வேண்டியது, கடைசியில் அணைக்க வேண்டியதும் அதுதான். நீங்கள் ஹெலியில் பேட்டரி இருக்கும்போதே அணைத்துவிட்டீர்கள்.

சுவரில் மோதிய பிளேடுகளை வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பப் போடாதீர்கள். ஃபெதரிங் ஷாஃப்ட்டையும் (இரண்டு பிளேடு பிடிகளையும் தாங்கும் தண்டு) மாற்றுங்கள். கார்பனுக்குள் விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

விற்றவர் மேல் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் செகண்ட் ஹேண்ட் ஹெலி கைக்கு வந்துவிட்டால் அதன் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நாம்தான் பொறுப்பு. நான் வாங்கியவற்றை எல்லாம் கழற்றி, லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, மறுபடி பூட்டாமல் ஒரு தடவைகூடப் பறக்கவிட்டதில்லை.

ஞாயிறு_பைலட்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் திடலைப் பற்றிச் சொல்கிறேன். ஈசூனில் வேண்டாம். ஒரு பக்கம் செம்பவாங் ஆகாயப்படைத் தளம், மறுபக்கம் சிலேத்தார் விமான நிலையம். விமான நிலையம், ஆகாயப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். மற்ற இடங்களிலும் 200 அடிக்கு, அதாவது சுமார் 60 மீட்டருக்கு, மேல் போனால் பெர்மிட் கேட்பார்கள். ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் பறக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள், எந்தப் பகுதி தடை என்று காட்டும்.

250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம், 2020லிருந்தே. உங்கள் 450 பேட்டரியோடு எப்படியும் 700, 800 கிராம் வரும். பழைய ஆளின் பதிவு உங்களுக்கு ஆகாது. பதிய 16 வயது ஆகியிருக்க வேண்டும், அதனால் உங்கள் பெயரில்தான். 2025 டிசம்பர் 1 முதல் ரிமோட் ஐடியும் (பறக்கும்போது தன் அடையாளத்தை ஒலிபரப்பும் வசதி) வேண்டும். டிரோனுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், ஹெலியும் ஆளில்லா வானூர்திதான்.

சட்டத்தை விடுங்கள். புளோக் பின்னால் இருக்கும் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே ஓடி வருவார்கள், மேலே பார்க்க மாட்டார்கள். 2013இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் 19 வயதுப் பையன், நன்றாகப் பறக்கவிடத் தெரிந்தவன், தன் ஹெலியே தலையில் பட்டு இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்த பிறகு நான் நிற்கும் இடத்துக்கும் ஹெலிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டிவிட்டேன்.

கல்லாங்_கவிதா:
பேட்டரியையும் பாருங்கள் அண்ணா. கீழே விழுந்த லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) லேசாக உப்பியிருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். நல்லதாக இருந்தாலும் வாசல் பக்கம் வைத்து சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வெளியே போக அந்த ஒரு வழிதான்.

ஈசூன்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. சர்வோ வைத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுதான். டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் சர்வோ கை பாதிக்கும் மேலே போய் நின்றது. மூன்று வயரும் பிரித்திருந்தும் அதைப் பார்க்கக் கை நடுங்கியது. புதிதாக பைண்ட் செய்த பிறகு ஐந்து தடவை அணைத்துப் பார்த்தேன், ஐந்து தடவையும் அடிக்கு வந்தது. பிளேடும் ஷாஃப்ட்டும் ஆர்டர் செய்துவிட்டேன். பேட்டரி உப்பவில்லை, ஆனால் ஒரு செல் மட்டும் வோல்டேஜ் குறைவாகக் காட்டுகிறது. அதைப் பயன்படுத்தப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட முடியாது, பதிவு முடிந்து சரியான இடம் பார்த்த பிறகுதான் என்று மகனிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஏன் என்று வயரைக் காட்டி விளக்கினேன். "அப்போ நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறான்.

ஸ்வாஷ்_அண்ணன்:
சிமுலேட்டர் வாங்கிக் கொடுங்கள். ஹெலியின் மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும்படி ஹோவர் செய்ய (ஒரே இடத்தில் மிதக்கவிட) கற்றுக்கொள்ளட்டும், புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான். புதுப் பிளேடு வந்ததும் பூட்டும் வேலையில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வயர் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலையாக இருக்கட்டும். அவன் "சரி" என்று சொல்லாமல் நீங்கள் பேட்டரி செருகக் கூடாது.