காலாண்டு விடுமுறைச் சந்திப்பு: திருச்சியில் இடம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஆசிரியர் பயிற்சியில் ஒன்றாகப் படித்த 14 பேர் காலாண்டு விடுமுறையில் ஒருநாள் கூடுகிறோம். மதுரை, சேலம், தஞ்சாவூர், விழுப்புரம் என்று ஆளுக்கொரு திசை. எல்லோருக்கும் பொதுவாக வருவது திருச்சிதான்.

நாள் பிரச்சினை இல்லை. விடுமுறையின் முதல் இரண்டு நாள் விடைத்தாள் திருத்தத்தில் போய்விடும். ஆயுத பூஜையை ஒட்டி வைத்தால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் நடுவில் ஒரு சாதாரண நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால் தேதியை முதலிலேயே முடித்துவிட்டோம்.

இடம்தான் சிக்கல். முக்கொம்பு பூங்காவில் மரநிழல் அருமையாக இருக்கும், ஆனால் மழை பிடித்தால் 14 பேரும் எங்கே ஒதுங்குவது? ஓட்டலில் இலை எடுத்ததும் அடுத்த ஆள் பின்னால் வந்து நிற்பார். எங்களுக்கு வேண்டியது உட்கார்ந்து பேச ஓர் இடம். காலை 10 முதல் மாலை 4 வரை ஒரு சிறிய ஹால், தரைத்தளத்தில். ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படி ஏற முடியாது. மேற்கத்திய கழிப்பறையும் அவசியம். சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவர அனுமதிப்பார்களா, பாத்திரம் கழுவ இடம் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரயில்வே ஜங்ஷன், சத்திரம் பஸ் நிலையம், ஸ்ரீரங்கம் பக்கம் எதுவானாலும் சரி.

இன்னொன்று: இரண்டு தோழிகளின் எண் கிடைக்கவில்லை. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியதால் பேஸ்புக்கில் தேடியும் சிக்கவில்லை. இப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்கள் வழி சொல்லுங்கள். யாருடைய எண்ணையும் இங்கே பொதுவில் போட வேண்டாம். விவரத்தை உள்பெட்டியில் தருகிறேன், தெரிந்தவர்கள் என் எண்ணை அவர்களிடம் சேர்த்தால் போதும்.