கோத்தகிரி குளிரில் முதல் பியர்டட் டிராகன்: குட்டியா, வளர்ந்ததா?

வணக்கம். முதல்முறையா பியர்டட் டிராகன் (வீட்டுல வளர்க்கிற ஒரு வகை ஓணான்) வாங்கப் போறேன். ஓணான் இன்னும் வீட்டுக்கு வரல, அதுக்குள்ளயே சிக்கல்.

இருப்பது கோத்தகிரி. 4 அடி கண்ணாடித் தொட்டி, யூவிபி டியூப் (வெயில் மாதிரி புற ஊதாக் கதிர் தர்ற விளக்கு), 100 வாட் பல்பு போட்டு மூணு வாரமா காலியாவே ஓட்டிப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி, வெயில் காயும் இடம் 40 டிகிரி வேணும். முதல்ல 33 தாண்டல. கல்லை உயர்த்தி, மூணு பக்கமும் தெர்மாகோல் ஒட்டினதும் 39 வந்துடுச்சு. ராத்திரிக்கு செராமிக் ஹீட்டர் போட்டா 20. ஆனா போன வாரம் ராத்திரி கரண்ட் போய், விடியக்காலைல பார்த்தா 13! சுடுதண்ணி பாட்டில் வெச்சுப் பார்த்தேன், ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கல. இன்வெர்ட்டர் இப்போதைக்கு முடியாது.

கோவையில ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு மாசக் குட்டி, ஒரு சாண்கூட இல்ல. துறுதுறுன்னு இருக்கு, ஆனா வால் நுனி கருத்துக் காஞ்சிருக்கு. கூடவே இருந்த குட்டி கடிச்சதாம். இன்னொண்ணு ஒன்றரை வயசு, தலையிலிருந்து வால் வரை 17 அங்குலம். கையில எடுத்தா கண்ணை மூடி அப்படியே படுத்துக்குது. அது சாதுவா, சோர்வான்னு எனக்குப் பிடிபடல.

குட்டிக்குத் தினமும் ரெண்டு மூணு வேளை பூச்சி வேணும். கோவையிலிருந்து பஸ்ஸில் வரவழைச்ச சில்வண்டுல பாதி செத்துதான் வந்துச்சு. பெருசுக்கு முக்கால்வாசி கீரை, காய் போதும். அது இங்க தாராளம். அம்மா வேற, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியேன்னு தினமும் பாட்டு.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வளர்க்கிறவங்க சொல்லுங்க: இந்தக் குளிருக்கும் கரண்ட் கட்டுக்கும் ரெண்டுல எதை எடுக்கலாம்?