கோஷ்டிகளுக்கு நடுவே ஒரு வழிகாட்டி: உங்களுக்கு எப்படிக் கிடைத்தார்?

வேலையில் எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர் என் மேனேஜர் இல்லை, என் துறையைச் சேர்ந்தவரும் இல்லை. அதனால்தான் அவரால் வழிகாட்டியாக இருக்க முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன். புதிதாக வேலையில் சேர்ந்து, யாரிடம் போய்க் கேட்பது என்று தவிப்பவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் இருந்தது கொள்முதல் பிரிவில். எங்கள் அலுவலகத்தில் இரண்டு கோஷ்டி: ஒன்று உற்பத்திப் பக்கம், இன்னொன்று நிதிப் பக்கம். இரண்டு தலைவர்களும் நேருக்கு நேர் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. மெயிலில் யாரை சிசியில் போடுகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் நடக்கும். கொள்முதல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம். ஒருவர் சரக்கு உடனே வேண்டும் என்பார், மற்றவர் பணத்தை நிறுத்தி வை என்பார். புதிதாக யார் வந்தாலும் "இவன் யாரோட ஆள்?" என்ற கேள்வி சீக்கிரமே கிளம்பிவிடும்.

சப்ளையர் பில்கள் தேங்குவதைக் குறைக்க நான் ஒரு யோசனை தயாரித்திருந்தேன். சரக்கு வந்த அன்றே தர ஆய்வு முடிவையும் பில்லையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் அது. மாதாந்திரக் கூட்டத்தில் வைத்தேன். கணக்கில் தப்பு இல்லை, யாரும் குறையும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே "பார்க்கலாம்".

திட்டமிடல் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். பதவியில் எனக்கு மேலே, ஆனால் என் அப்ரைசலுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் கொண்டுவரும் எதுவும் கூட்டத்தில் தள்ளிப்போனதில்லை என்பதைக் கவனித்திருந்தேன். "எனக்கு மென்டராக இருங்கள்" என்றெல்லாம் கேட்கவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், "மேடம், இது எங்கே இடிக்கிறதுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா, பத்து நிமிஷம் போதும்" என்றேன்.

முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார்.

"கூட்டத்துக்கு முன்னாடி இதை யாருக்கெல்லாம் காட்டினீங்க?"

"என் மேனேஜருக்கு மட்டும்தான் மேடம்."

"அப்போ மத்த எல்லாரும் இதை முதல் தடவையா, எதிர்ப் பக்கத்து ஆளுங்க முன்னாடி பார்த்திருக்காங்க. சரின்னு சொல்லி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க தலையில விழும். பார்க்கலாம்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வேற என்ன சொல்வாங்க?"

பிறகு அறிக்கையின் பின்பக்கத்தில் பென்சிலால் சில பெயர்களை எழுதினார். பதவி வரிசைப்படி இல்லை. சந்தேகம் வந்தால் யார் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று கோடு போட்டார். நிதித் தலைவருக்குப் போகும் கோடுகள் எல்லாம் ஒரு மூத்த கணக்கர் வழியாகப் போயின. பதவியில் அவரும் நானும் ஒன்றுதான். உற்பத்திப் பக்கத்துக் கோடுகள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் போய் நின்றன. "இவங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் காட்டுங்க. ஒப்புதல் கேட்காதீங்க. இது எங்கே தப்பாப் போகும்னு கேளுங்க."

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் பார்த்த உடனே ஓர் ஓட்டையைப் பிடித்தார். ஒரே ஆர்டர் இரண்டு மூன்று தவணையாக வந்தால் என் முறை பொருந்தாது. திருத்தினேன். அடுத்த கூட்டத்தில் நான் விளக்கத் தொடங்கும்போதே அவர், "இதை நாங்க பார்த்தாச்சு, தவணைச் சரக்குக்கும் வழி வெச்சிருக்கார்" என்றார். அன்றே முடிவானது.

பின்னால் படித்தபோது, டேவிட் கிராக்ஹார்ட் என்ற ஆய்வாளர் ஒரு சிறு நிறுவனத்தை வைத்து 1990இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர்களைத்தான் சக ஊழியர்கள் செல்வாக்கு உள்ளவர்களாகக் கருதியிருக்கிறார்கள். யார் யாருக்கு நண்பர் என்று தெரிந்து வைத்திருந்ததற்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. நாமோ அலுவலக அரசியல் என்றாலே யார் யாரோடு சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அதே காலத்தில் உற்பத்திப் பக்கத்துப் பெரிய அதிகாரி ஒருவரும் என்னைக் கூப்பிட்டுப் பேசுவார். "நீ நம்ம பையன், உன்னை நான் பார்த்துக்கறேன்" என்பார். நல்ல அறிவுரையும் சொல்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுந்து வரும் நேரத்தில் ஒரு கேள்வி வந்து விழும். "உங்க மேனேஜர் நிதிக்காரங்களோட அடிக்கடி உட்கார்ந்து பேசறாராமே, என்ன விஷயம்?" "அந்தப் புது சப்ளையர் பேரை முதல்ல எடுத்தது யாரு?" எனக்குத் தெரியாது சார் என்பதைத் தவிர வேறு பதில் நான் சொன்னதில்லை. கொஞ்ச நாளில் கூப்பிடுவதும் நின்றுபோனது.

மேடம் எங்கள் பிரிவைப் பற்றி என்னிடம் ஒரு செய்திகூடக் கேட்டதில்லை. நானாக ஆரம்பித்தாலும், "இது உங்க மேனேஜருக்குத் தெரியுமா? அவர்கிட்ட பேசுங்க" என்று நிறுத்திவிடுவார். வழிகாட்டி யார், கோஷ்டித் தலைவர் யார் என்று அடையாளம் காண எனக்கு இந்த ஒரு வழிதான் தெரியும்: செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்பவர் வேறு, உங்களிடமிருந்து கறப்பவர் வேறு.

இன்னொன்று. இரண்டாவது முறை போனபோதே மேடம் சொல்லிவிட்டார்: "உங்க மேனேஜருக்குத் தெரியாம நாம பேச வேண்டாம்." அதனால் மேனேஜரிடம் நானே போய், "திட்டமிடல்ல எப்படி முடிவு எடுக்கறாங்கன்னு மேடம்கிட்ட கேட்டுக் கத்துக்கறேன் சார், நம்ம ஆர்டர் தேதிகளுக்கு உதவும்" என்றேன். முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஒருமுறை அவர் கேட்ட தேதி விவரத்தை நான் கையோடு கொண்டுவந்து கொடுத்த பிறகு, அவரே "மேடம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்களேன்" என்று அனுப்ப ஆரம்பித்தார்.

* * *

செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி.

நான் மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். எனக்கு அறிவுரை சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. மேல் மட்டத்தில் ஒரு சார், மாதம் தவறாமல் நேரம் ஒதுக்கிப் பேசுவார். மரியாதையானவர், உள்நோக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. என்னோடு சேர்ந்தவர்களின் பெயர் வந்தது.

கேலிபரேஷன் கூட்டம் என்று ஒன்று நடக்கும், தெரிந்திருக்கும். எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்து, யாருக்கு என்ன ரேட்டிங் என்று பெயர் பெயராகப் பேசி முடிவு செய்வார்கள். நாம் அங்கே இருக்க மாட்டோம். நமக்காக யாராவது வாயைத் திறந்தால்தான் உண்டு. அந்தக் கூட்டத்தில் அந்த சாரும் இருந்தார், ஆனால் என் பெயர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. நேராகவே கேட்டேன்: "அங்கே என்னைப் பற்றி நீங்க ஏன் சார் பேசலை?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்க வேலையைப் பத்தி நீங்க சொல்லிக் கேட்டிருக்கேனே தவிர, ஒரு நாளும் நேர்ல பார்த்ததில்லையே. ரெண்டாவது கேள்வி வந்தா என்கிட்ட பதில் இல்லை."

அது நியாயமான பதில். அதற்குப் பிறகு மாதப் பேச்சை நான் வேறு மாதிரி மாற்றிக்கொண்டேன். ஒரு பெரிய மாற்றத்தை லைவில், அதாவது நிஜப் பயன்பாட்டுக்கு, விடுவதற்கு முன்னால் எங்கள் டிசைன் ரிவ்யூவுக்கு, அதாவது திட்டத்தை அலசிப் பார்க்கும் கூட்டத்துக்கு, அவரை அழைத்தேன். வந்தார். டேட்டாபேஸை மாற்றும்போது பழைய ஆர்டர்கள் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று குடைந்தார். நாங்கள் திரும்பப் பழைய நிலைக்குப் போகும் வழியை ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் காட்டினேன். அடுத்த கேலிபரேஷனில் அவர் சொன்னது அந்த ஒத்திகையைப் பற்றித்தான்.

நிர்வாகவியல் பேராசிரியர் ஹெர்மினியா இபாராவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2010இல் எழுதியதும் இதைத்தான். பெண்களுக்கு அறிவுரை சொல்லும் வழிகாட்டிகள் குறைவில்லாமல் கிடைக்கிறார்கள், ஆனால் தன் பெயரைப் பணயம் வைத்து இவரை மேலே கொண்டுவாருங்கள் என்று பேசும் ஆதரவாளர் ஆண்களுக்குத்தான் அதிகம் என்கிறார்கள். தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வழிகாட்டி உங்கள் வேலையை எப்போதாவது கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று இந்த வாரமே யோசித்துப் பாருங்கள்.

* * *

என் வழிகாட்டி தோற்றுப்போன கோஷ்டியில் இருந்தார்.

நிர்வாகம் மாறியது, ஒரே வாரத்தில் அவரை ஒன்றுமில்லாத ஒரு பதவிக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் ஆட்கள் என்று பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக ஓரங்கட்டப்பட்டார்கள். நான் தப்பித்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, அவர்தான். ஆரம்பத்திலிருந்தே என்னை மற்ற துறைகளோடு வேலை செய்ய அனுப்பிக்கொண்டே இருந்தார். "என்னை மட்டும் நம்பி இருக்காதீங்க, நான் இன்னைக்கு இருப்பேன் நாளைக்கு இருக்க மாட்டேன்" என்பார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. புது நிர்வாகம் வந்தபோது, என்னோடு வேலை செய்திருந்த இரண்டு துறைக்காரர்கள் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு பலர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. எல்லோரும் பார்க்கும்படி அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். புது நிர்வாகி ஒரு நாள், "அவரோட ரொம்ப நெருக்கமோ?" என்று கேட்டார். "எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர் சார்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கோஷ்டி கட்டுகிறவன் ஒளிந்து ஒளிந்து சந்திப்பான், நன்றி சொல்கிறவனுக்கு ஒளிய என்ன இருக்கிறது?

கேத்தி கிராம் என்ற ஆய்வாளர் 1983இல் இந்த வழிகாட்டி உறவுக்கு நான்கு கட்டங்கள் சொல்லியிருக்கிறார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, பிறகு புதிய வடிவம். பிரிவு என்பது கணக்கிலேயே உண்டு. என் வழிகாட்டி இப்போது வேறு வேலையில் இருக்கிறார், நாங்கள் இருவரும் நண்பர்கள் மாதிரிப் பேசிக்கொள்கிறோம். போன முறை பேசியபோது, ஒரு விஷயத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டார். சந்தோஷமாக இருந்தது.

* * *

எல்லோரும் நல்ல மேனேஜரோடு இருக்கிறீர்கள் போல. என் மேனேஜர் நான் செய்வதைத் தன் பெயரில் மேலே காட்டுகிறார். வேறு துறை ஆளிடம் பேசினாலே முறைக்கிறார். மென்டர் திட்டம் என்று ஹெச்ஆர் போட்டுக் கொடுத்தவர் அவருடைய நெருங்கிய நண்பர். அவரிடம் வாயைத் திறந்தால் மாலைக்குள் இங்கே வந்துவிடும். நான் யாரிடம் போவது?

* * *

பல வருடம் மற்றவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஹெச்ஆர் கொடுத்தவரை ஒதுக்க வேண்டாம். அவரிடம் தொழில் விஷயம் மட்டும் கேளுங்கள்: ஒரு அறிக்கையை எப்படிச் சுருக்குவது, ஒரு கருவியை எப்படிக் கையாள்வது. ஆட்களைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அவர் போய்ச் சொன்னாலும் "நன்றாகக் கற்றுக்கொள்கிறான்" என்றுதான் சொல்ல முடியும்.

ஆட்களைப் பற்றிப் பேச உங்களுக்கு அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும். உங்கள் நிறுவனத்திலிருந்து விலகி வேறு இடம் போனவர்களை யோசியுங்கள். அந்த இடத்தின் உள்கதை அவர்களுக்குத் தெரியும், ஆனால் இப்போது அங்கே அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. பழைய மேனேஜர் யாராவது உங்களை மதித்திருந்தால் அவரிடமே போகலாம். தயங்காதீர்கள், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே பேசுவார்கள்.

உங்கள் வேலையை மேனேஜர் தன் பெயரில் காட்டுகிறாரே, அதற்கு நான் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. புகார் போகாதீர்கள், மேலிடத்துக்குக் கொண்டுபோகும் எஸ்கலேஷன் கடைசி ஆயுதம். வாரக் கடைசியில் மேனேஜருக்கே நாலு வரி மெயில் போடுங்கள்: இந்த வாரம் நான் முடித்தது, நின்றுகொண்டிருப்பது, அடுத்து வரப்போவது. சிசியில் யாரும் வேண்டாம். மாதா மாதம் அது சேரும்போது, யார் எதை எப்போது செய்தார்கள் என்று தேதியோடு ஒரு கணக்கு இருக்கும். பெரிய வேலை முடிவதற்கு முன்பாகவே, "இதன் கணக்குப் பகுதியை மீட்டிங்கில் நானே விளக்கட்டுமா, கேள்வி வந்தால் உங்களுக்குச் சிரமம் இருக்காது" என்று கேளுங்கள். அவருக்கும் அது வசதி என்பதால் பல நேரம் ஒத்துக்கொள்வார். அந்தப் பெண்ணின் மேனேஜர் முதல் முறை மறுத்தார். அடுத்த முறை மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்து பதில் தெரியாமல் நின்ற பிறகு, அவரே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

வழிகாட்டி தேடும் எல்லோருக்கும் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடந்துடும் சார்" என்று வருகிறவரிடம் எனக்கு உடனே விலகத் தோன்றும், ஏனென்றால் அவருக்கு வேண்டியது சிபாரிசு. நான் திரும்பத் திரும்ப நேரம் ஒதுக்கியது வேறு மாதிரி ஆட்களுக்கு. ஒரு யோசனை சொல்லி அனுப்புவேன். பத்து நாள் கழித்து வந்து, "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன் சார், முதல் பாதி சரியா வந்தது, ரெண்டாவது எங்க டீம்ல ஓடலை, ஏன்னா இதுதான்" என்று சொல்வார்கள். எனக்குத் தெரியாத ஒன்று அந்தப் பதிலில் எப்போதும் இருக்கும்.