ஆர்க்கெஸ்ட்ரா டான்ஸ் சூட்: 'பல்லிய ஆடற்கோவை' சரிப்படுமா?

> டான்ஸ் சூட்டை 'நடனத் தொகுப்பு' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. தொகுப்பு என்றதும் ஆல்பம்தான் நினைவுக்கு வருகிறது. எதை முன்னால் வைத்தாலும் எதைப் பின்னால் வைத்தாலும் தொகுப்பு தொகுப்புதான். சூட் அப்படி இல்லை. பல ஆடல்களின் இசையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து வாசிக்கும் படைப்பு அது, அதற்கு வரிசைதான் உயிர்.

ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவின் 'மூன்று முனைத் தொப்பி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு ஆடிய நாட்டிய நாடகம் அது. நடன அமைப்பு மசீன், அரங்கமும் உடையும் பிக்காசோ. அதன் இரண்டாம் பாதியிலிருந்து மூன்று ஆடல்களை எடுத்து ஃபாயா இரண்டாம் சூட்டாக்கினார். அண்டை வீட்டார் ஆடும் செகிதியா, மாவு ஆலைக்காரன் ஆடும் ஃபருக்கா, ஊரே கூடி ஆடும் ஹோட்டா. ஆலைக்காரன் கைதாவது, அதிகாரி அவன் மனைவியைத் தேடி வருவது எல்லாம் விடுபட்டுவிட்டன. ஆனால் ஆடல்கள் கதையில் வந்த வரிசையிலேயே நிற்கின்றன.

நம் கோவை இலக்கியமும் இப்படித்தானே? ஒவ்வொரு பாட்டும் தனியே நிற்கும். ஆனாலும் தலைவன் தலைவியைக் காணும் காட்சியிலிருந்து மணத்துக்குப் பிந்திய பிரிவுவரை, துறைகள் எனப்படும் காதல் கட்டங்கள் முறையாகக் கோக்கப்பட்டிருக்கும். அதனால் என் பரிந்துரை 'ஆடற்கோவை'. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம் இருக்கவே இருக்கிறது.

> ஐயா, ஆடல்மாலை என்றால் இன்னும் எளிதாக இருக்குமே? ராகமாலிகை எல்லோருக்கும் தெரியும்.

நானும் அதை யோசித்தேன். ராகமாலிகையில் ஒரு ராகம் முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடும், பாட்டு ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு ஆடலும் முழுதாக முடிந்து, ஒரு மௌனம் விழுந்த பிறகுதான் அடுத்தது. ஃபருக்காவைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஹார்ன் தனியாகக் கூவும், அதற்கு இங்கிலிஷ் ஹார்ன் பதில் சொல்லும். அப்புறம் வயலின் முதல் டபுள் பாஸ் வரை எல்லாம் சேர்ந்து, கிதார் கம்பிகளை விரலால் அறைந்து மீட்டுவதுபோல் அடிக்கும். வேகம் ஏறி ஏறிச் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் அடுத்து வரும் ஹோட்டாவின் கொண்டாட்டம் இத்தனை எடுப்பாக இராது. மாலை என்ற சொல்லில் அந்த இடைவெளி தெரியவில்லை.

> கோவை என்றால் ஊரைத்தானே நினைப்பார்கள்?

தனியாக எழுதினால் குழப்பம் வரலாம். முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் வராது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு செல்லோ சூட்களையும் 'செல்லோ கோவைகள்' என்றே சொல்லலாம். அவையும் பெரும்பாலும் ஆடல் வகைகளை வரிசையாக வைத்தவைதான்.

செகிதியா, ஃபருக்கா, ஹோட்டா மூன்றையும் மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஃபருக்கா ஃபிளமென்கோ என்ற ஸ்பானிய ஆடல் மரபுக்காரர்களின் சொத்து, ஹோட்டா என்றால் ஸ்பெயினின் அரகோன் பகுதி. கும்மியை யாராவது வேறு பெயரில் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் 'பல்லிய ஆடற்கோவை'யைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.